அமெரிக்க ராணுவ பி.ஏ.க்களுக்கான அவசர மருத்துவ ரெசிடென்சி: புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பிஸிஷியன் அசிஸ்டென்ட், சுருக்கமாக பி.ஏ., என்றதும் பெரிய டாக்டருக்குப் பக்கத்தில் நின்று உதவுகிறவர் என்ற எண்ணம் நம் பக்கத்தில் பலருக்கு உண்டு. அமெரிக்க ராணுவத்துக்கு அந்த எண்ணம் பொருந்தாது. பல நூறு வீரர்கள் உள்ள ஒரு பட்டாலியனில் நாள்தோறும் நோயாளிகளைப் பார்ப்பதும், மருந்து எழுதுவதும், மெடிக்குகளுக்கு, அதாவது முதலுதவி செய்யும் வீரர்களுக்கு, பயிற்சி கொடுப்பதும் பெரும்பாலும் அங்கிருக்கும் பி.ஏ.தான். களத்துக்குப் போனால், அடிபட்டவரைத் தூக்கிவரும்போது அங்கே காத்திருக்கும் மூத்த மருத்துவ ஆளும் பல நேரம் அவரே. அறுவை சிகிச்சைக் குழு இருப்பது அதற்கு அடுத்த கட்டத்தில், ஹெலிகாப்டரில் போகவேண்டிய தூரத்தில்.

ராணுவ ஆய்வாளர்கள் 2001 முதல் 2011 வரை இராக், ஆப்கானிஸ்தான் போர்க்களங்களில் நேர்ந்த 4,596 மரணங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து 2012ல் முடிவுகளை வெளியிட்டார்கள். 87 விழுக்காட்டினர் எந்த மருத்துவமனைக்கும் போய்ச் சேருமுன்பே இறந்துவிட்டார்கள். அப்படி இறந்தவர்களில் கிட்டத்தட்ட கால்வாசிப் பேருக்குப் பிழைக்க வாய்ப்புள்ள காயங்களே இருந்தன. அந்தக் கால்வாசியில் பத்தில் ஒன்பது பேரைக் கொன்றது இரத்தப்போக்கு. பட்டாலியன் பி.ஏ. வேலை செய்வது சரியாக இந்த இடைவெளியில்தான். ஏற்கனவே பி.ஏ. ஆனவர்கள் மருத்துவமனையில் வேலை பார்த்துக்கொண்டே அவசர சிகிச்சையை ஆழமாகக் கற்கும் மேற்பயிற்சிதான் அவசர மருத்துவ ரெசிடென்சி. அதைப் பட்டமாகவோ பதவி உயர்வாகவோ மட்டும் பார்க்கிறவர்களுக்கு அதன் பாதிதான் கிடைக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். எந்தப் படியில் நின்றாலும் அந்த அடிபட்டவரை மனதில் வைத்தே முடிவெடுங்கள்.

அமெரிக்காவில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களிலிருந்து ராணுவத்தில் சேர்ந்திருக்கும், அல்லது சேர நினைக்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். பெற்றோரும் படிக்கலாம்.

முதல் படி: பி.ஏ. ஆவது

இந்தத் தொழில் பிறந்ததே ராணுவ அனுபவத்திலிருந்து. 1965ல் ட்யூக் பல்கலைக்கழகத்தில் டாக்டர் யூஜின் ஸ்டெட் முதல் வகுப்பைத் தொடங்கியபோது அதில் சேர்ந்த நான்கு பேரும் கடற்படையில் மருத்துவ உதவியாளர்களாக இருந்தவர்கள். போரில் உயிர் காத்த கைகளுக்கு ஊருக்குத் திரும்பியதும் வேலையில்லை என்ற நிலைமைக்கு அவர் கண்ட வழி அது. அடுத்த பத்தாண்டிலேயே ராணுவம் தனக்கான பி.ஏ.க்களைத் தானே பயிற்றுவிக்கத் தொடங்கியது. 1992 வரை அவர்கள் வாரண்ட் ஆபீசர்களாக, அதாவது வீரர்களுக்கும் முழு ஆபீசர்களுக்கும் இடைப்பட்ட நிலையில், இருந்தார்கள். அதன்பின்தான் முழு ஆபீசர் தகுதி கிடைத்தது.

ஒரு எச்சரிக்கை, ஊரிலிருந்து கேட்கிறவர்களுக்காக. இந்தியாவில் பி.ஏ. படிப்பு 1992ல் சென்னையில், மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில்தான் தொடங்கியது. இன்று தமிழ்நாட்டில் பல கல்லூரிகளில் பி.எஸ்ஸி. பட்டமாக இருக்கிறது. ஆனால் அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு அமெரிக்காவில் பி.ஏ. உரிமம் வாங்க முடியாது. அங்கே அங்கீகாரம் பெற்ற பள்ளியில் படித்தவர்கள் மட்டுமே பான்ஸ் என்ற 300 கேள்விகள் கொண்ட தேசியத் தேர்வை எழுதலாம். ராணுவ ஆபீசராக அமெரிக்கக் குடியுரிமையும் வேண்டும். கிரீன் கார்டு இருந்தால் சாதாரண வீரராகச் சேரலாம். சேவையின் வழியாகக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் பாதையும் உண்டு.

உள்ளே நுழைய இரண்டு வாசல்கள். வெளியில் படித்து உரிமம் பெற்ற பி.ஏ. நேரடியாக ஆபீசராகச் சேரலாம். இன்னொன்று ஐபேப், அதாவது முப்படைகளும் சேர்ந்து நடத்தும் பி.ஏ. படிப்பு. டெக்சாஸ் மாநிலம் சான் அன்டோனியோவில், ஃபோர்ட் சாம் ஹூஸ்டனில் நடக்கிறது. 16 மாதம் வகுப்பு, அப்புறம் 13 மாதம் ஏதாவது ஒரு ராணுவ மருத்துவமனையில் நேரடிப் பயிற்சி. விண்ணப்பிக்க மெடிக்காக இருந்தாக வேண்டும் என்பதில்லை. வேறு வேலையில் இருக்கும் வீரர்களும் விண்ணப்பிக்கிறார்கள். ஆனால் உடற்கூறியல், உடலியங்கியல், வேதியியல் போன்ற கல்லூரிப் பாடங்களை முன்னதாகவே முடித்திருக்க வேண்டும். ஓய்வு நேரத்தில் இணையவழியில் இந்தப் பாடங்களை முடிப்பவர்கள் பலர். பழைய மதிப்பெண்ணுக்குக் காலவரம்பு உண்டு, அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: யூனிட்டில் வேலை பார்ப்பது

பி.ஏ. ஆன கையோடு ரெசிடென்சிக்குப் பறக்க நினைக்காதீர்கள். முதலில் ஒரு பட்டாலியனில் இருந்து பாருங்கள். காலை நேர நோயாளி வரிசை, முழங்கால் வலி, காய்ச்சல், மனச்சோர்வு, வெயிலில் ஓடி மயங்கி விழுந்தவர் என்று போகும் அந்த நாட்களில்தான் ஆயிரக்கணக்கான ஆரோக்கியமான உடம்புகளைப் பார்ப்பீர்கள். நோயாளியைப் பார்த்தவுடன் ஏதோ சரியில்லை என்று தோன்றுவது அந்தப் பழக்கத்தில் வருவது.

அந்தக் காலத்தில் ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். கை நடுங்கிய இடம், யாரிடமாவது கேட்க முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்குமே என்று நினைத்த இடம், மேலே அனுப்பிவிட்டு இரவு முழுக்க யோசித்த நோயாளி என எல்லாவற்றையும் எழுதுங்கள், பெயரில்லாமல். விண்ணப்பத்தில் ‘எனக்கு ஏன் இந்தப் பயிற்சி வேண்டும்’ என்று எழுதும்போது வேறு எந்த அலங்காரமும் தேவைப்படாது. ‘எனக்குச் சின்ன வயதிலிருந்தே அவசர மருத்துவம் பிடிக்கும்’ என்று எழுதும் விண்ணப்பத்துக்கும், ‘மூச்சுவிடத் திணறும் ஒருவரை ஹெலிகாப்டர் வரும்வரை பார்த்துக்கொள்ள எனக்கு இன்னின்ன திறமை போதவில்லை’ என்று எழுதும் விண்ணப்பத்துக்கும் தேர்வுக் குழு என்ன மதிப்புக் கொடுக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அருகிலுள்ள ராணுவ மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில் ஷிஃப்ட் பார்க்க அனுமதி கேளுங்கள். கமாண்டர் ஒத்துக்கொண்டால் மாதம் சில ஷிஃப்ட் கிடைக்கலாம். உங்கள் கையையும் பழக்கத்தையும் நேரில் பார்த்த அவசர மருத்துவர் எழுதிக்கொடுக்கும் பரிந்துரைக் கடிதத்துக்கு, பெரிய பதவியில் இருப்பவர் பொதுவாக எழுதும் கடிதம் ஈடாகாது.

மூன்றாம் படி: விண்ணப்பம்

தரைப்படையில் இந்தப் பயிற்சிக்கான தேர்வு, மருத்துவப் பிரிவின் நீண்டகாலக் கல்வி, பயிற்சித் திட்டத்தின் கீழ் ஆண்டுதோறும் நடக்கிறது. அதன் அறிவிப்பில் அந்த ஆண்டுக்கான இடங்கள், தகுதி, கடைசித் தேதி எல்லாம் இருக்கும். ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால் போன வருடம் தேர்வான நண்பர் சொன்னதை மட்டும் நம்பாமல் புது அறிவிப்பை வரிக்கு வரி படியுங்கள். மதிப்பெண் பட்டியல்கள், ஆபீசர் மதிப்பீட்டு அறிக்கைகள், உடல் தகுதித் தேர்வு முடிவு, உரிமம், பரிந்துரைக் கடிதங்கள், நோக்க அறிக்கை எல்லாம் ஒன்றாகச் சேர வேண்டும். இதில் அதிகம் தாமதமாவது அடுத்தவர் கையில் இருக்கும் காகிதம்தான். பல்கலைக்கழகப் பட்டியலையும் கமாண்டரின் கையெழுத்தையும் மாதக்கணக்கில் முன்னதாகவே கேட்டு வையுங்கள்.

பயிற்சி நடக்கும் இடங்களில் மூன்று பெயர்களை அறிந்துகொள்ளுங்கள். சான் அன்டோனியோவில் ப்ரூக் ராணுவ மருத்துவ மையம், வாஷிங்டன் மாநிலத்தில் டகோமா அருகே மடிகன், டெக்சாஸ் ஃபோர்ட் ஹூட்டில் கார்ல் டார்னல். ப்ரூக் பாதுகாப்புத் துறையின் ஒரே முதல்நிலை, அதாவது உச்ச நிலை, விபத்துக் காய மையம். ஊர்ப் பொதுமக்களையும் அங்கே கொண்டுவருவதால் துப்பாக்கிக் காயம், நெடுஞ்சாலை விபத்து என்று ராத்திரி பகலாக வரும். பாதுகாப்புத் துறையின் தீக்காய மையமும் அதே வளாகத்தில்தான் இருக்கிறது. அதற்காக எல்லோரும் ப்ரூக்கைத்தான் கேட்க வேண்டும் என்று சொல்லமாட்டேன். சிறிய மருத்துவமனையில் போட்டிக்கு ஆள் குறைவு. வேறு துறை ரெசிடென்ட்கள் பறித்துக்கொள்ளாத செயல்முறைகள் உங்கள் கைக்கே வரும். நேரில் போய்ப் பார்த்து, அங்கே இப்போது பயிற்சியில் இருப்பவர்களிடம் ‘போன மாதம் உன் கையால் என்னென்ன செய்தாய்?’ என்று கேளுங்கள். அந்தப் பதில் போதும்.

தரைப்படையின் பயிற்சி பேலர் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. 18 மாத முழுநேரப் பயிற்சி, ஒரு ஆய்வு, முடிவில் டாக்டர் ஆஃப் சயின்ஸ் பட்டம். கட்டணம் கிடையாது, உங்கள் ரேங்குக்கான முழுச் சம்பளமும் வரும். வெளியில் பி.ஏ. ரெசிடென்சி செய்பவர்கள் வழக்கமான சம்பளத்தைவிடக் குறைவாக வாங்கிக்கொண்டு படிப்பதோடு ஒப்பிட்டால் இது பெரிய சலுகை. பதிலுக்கு, முடித்தபின் குறிப்பிட்ட காலம் ராணுவத்தில் இருந்தாக வேண்டும். கையெழுத்துப் போடும் முன் அந்தக் காலம் எத்தனை வருடம், ஏற்கனவே இருக்கும் கடப்பாட்டோடு சேர்ந்து ஓடுமா, அதற்குப் பின்னால் தொடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். திருமணமானவர்கள் இதைத் துணையோடு உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும்.

நான்காம் படி: சேருமுன் ஆறு மாதம்

தேர்வானதும் ஓய்வெடுக்கத் தோன்றும். எடுங்கள். அப்புறம் மூன்று விஷயங்களைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

தினம் சில ஈ.சி.ஜி. படியுங்கள். கணினி அச்சிட்டுத் தரும் விளக்கத்தை மறைத்துவிட்டு வேகம், தாளம், அச்சு, இடைவெளிகள், எஸ்.டி. பகுதி என்று ஒரே வரிசையில் பார்க்கப் பழகுங்கள். நெஞ்சுவலி என்று வந்தவருக்குப் பத்து நிமிடத்துக்குள் ஈ.சி.ஜி. எடுத்துப் படித்திருக்க வேண்டும் என்பது விதி. ஷிஃப்டில் நீங்கள் வேறு நோயாளியோடு பேசிக்கொண்டிருக்கும்போது காகிதத்தை மூக்குக்கு நேரே நீட்டுவார்கள்.

மருந்துகள் அடுத்தது. மயக்கிக் காற்றுக்குழாயில் டியூப் போடத் தேவையான மருந்துகள், வலிப்பு மருந்துகள், இரத்த அழுத்தத்தை ஏற்றும் மருந்துகள் ஆகியவற்றின் அளவு புத்தகத்தைத் திறக்காமலே வர வேண்டும். குழந்தைகளுக்குக் கிலோ கணக்கு.

மூன்றாவது அல்ட்ராசவுண்ட். ஒவ்வொரு வகை ஸ்கேனிலும் 25 முதல் 50 வரை செய்தால்தான் திறமை வந்ததாக அமெரிக்க அவசர மருத்துவர்கள் சங்கம் கணக்கிடுகிறது. வயிற்றிலும் நெஞ்சிலும் இரத்தமோ காற்றோ தேங்கியிருக்கிறதா என்று பார்க்கும் ஸ்கேனைச் சேருமுன்பே பழகிவிடுங்கள். களத்தில் சி.டி. கிடையாது. கையடக்கக் கருவி ஒன்றுதான் இருக்கும்.

ஐந்தாம் படி: உள்ளே

பட்டாலியனில் நீங்கள் பெரிய ஆள். அவசர சிகிச்சைப் பிரிவில் முதல் நாள் நீங்கள் புதியவர். கேப்டன் ரேங்கோடு வந்து, தன்னைவிட வயதில் சின்ன அட்டெண்டிங்கிடம், அதாவது மேற்பார்வை செய்யும் மருத்துவரிடம், ‘இது எனக்குத் தெரியவில்லை’ என்று சொல்லச் சிலருக்கு நா எழாது. சொல்லிவிடுங்கள். தெரியாததை மறைத்தால் அங்கே ஆள் செத்துப்போவார்.

மாற்றிக்கொள்ள வேண்டிய முக்கியமான பழக்கம் யோசிக்கும் வரிசை. குடும்ப மருத்துவத்தில் அதிகம் வரக்கூடியது எது என்பதிலிருந்து தொடங்குவோம். இங்கே கொல்லக்கூடியது எது என்பதுதான் முதல் கேள்வி. நெஞ்சுவலி என்றால் ஆறு: மாரடைப்பு, நுரையீரல் இரத்தக் குழாயில் அடைப்பு, மகாதமனி கிழிவு, நெஞ்சுக்குள் அழுத்தமாகத் தேங்கிய காற்று, இதயத்தைச் சுற்றித் தேங்கிய திரவம், உணவுக்குழாய் வெடிப்பு. நோயாளியைப் பார்த்துவிட்டு வந்து அட்டெண்டிங்கிடம் சொல்லும்போது இந்த ஆறையும் எதை வைத்து ஒதுக்கினீர்கள், எதை இன்னும் ஒதுக்கவில்லை என்று சொல்லுங்கள். வாயுக்கோளாறாகத்தான் இருக்கும் என்று நினைத்தாலும் அதைக் கடைசியில்தான் சொல்ல வேண்டும். தலைவலிக்கும், முதுகுவலிக்கும், குழந்தைக் காய்ச்சலுக்கும் இப்படி ஒரு பட்டியலைத் தயாரித்துச் சட்டைப்பையில் வையுங்கள். வயதானவரின் வயிற்றுவலியை எப்போதும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உள்ளே பெரிய கோளாறு இருக்கும், அழுத்திப் பார்த்தால் வயிறு மெத்தென்று இருக்கும்.

அவசரப் பிரிவு ஷிஃப்ட்களுக்கு நடுவே ஐ.சி.யூ., விபத்துக் காய அறுவைப் பிரிவு, மயக்கவியல், எலும்பு, குழந்தைகள் என ரொட்டேஷன் வரும். மயக்கவியலில் இருக்கும் வாரங்களை வீணாக்காதீர்கள். காலையில் முதல் ஆளாகப் போய் நில்லுங்கள். காற்றுக்குழாயில் டியூப் போடுவது எண்ணிக்கையால் மட்டுமே கைவரும் வேலை. டியூப் இல்லாமல் முகமூடியும் பையும் வைத்து மூச்சுக் கொடுப்பதை அதைவிடக் கவனமாகக் கற்றுக்கொள்ளுங்கள். டியூப் உள்ளே போகாத நிமிடங்களில் உயிரைப் பிடித்து வைத்திருப்பது அதுதான். ஐ.சி.யூ.வில் வென்டிலேட்டரின் ஒவ்வொரு எண்ணையும் நர்ஸிடமும் சுவாச சிகிச்சையாளரிடமும் கேட்டுக் கேட்டுப் புரிந்துகொள்ளுங்கள்.

ஆய்வுக்கான தலைப்பை முதல் மூன்று மாதத்துக்குள் முடிவு செய்யுங்கள். நெறிமுறைக் குழுவின் அனுமதிக்கே மாதங்கள் போகும். சின்னக் கேள்வி, கிடைக்கிற தரவு, அக்கறையுள்ள வழிகாட்டி, இவை போதும்.

தூக்கம் பற்றியும் ஒரு வார்த்தை. இரவு ஷிஃப்ட் முடிந்து கார் ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வரும் நேரம்தான் இந்தப் பயிற்சியில் உங்கள் உயிருக்கு உண்மையான ஆபத்து. கண் சொருகினால் மருத்துவமனையிலேயே படுத்து எழுந்து வாருங்கள்.

ஆறாம் படி: களத்துக்குத் தேவையானது

மருத்துவமனையில் கற்பதை அப்படியே களத்துக்குக் கொண்டுபோக முடியாது. 1996ல் டாக்டர் ஃபிராங்க் பட்லரும் அவருடன் பணியாற்றியவர்களும் போர்க்களச் சிகிச்சைக்கென்று தனி நெறிமுறையை வெளியிட்டது இதனால்தான். குண்டு பாயும் நேரம், மறைவிடத்துக்கு வந்தபின், கொண்டுபோகும் வழி என்று மூன்று கட்டமாக அது பிரித்தது. ஏ.பி.சி. என்று காற்றுவழியில் தொடங்கும் வழக்கமான வரிசை அங்கே மாறுகிறது. பெருக்கெடுக்கும் இரத்தத்தை நிறுத்துவது முதலில். காற்றுவழி, சுவாசம், இரத்த ஓட்டம், உடல் குளிராமல் காப்பது எல்லாம் அதற்குப் பிறகு.

இரத்தம் விஷயத்தில் ராணுவ மருத்துவம் நிறையக் கற்றிருக்கிறது. உப்புநீரை ஏற்றி ஏற்றி இரத்தத்தை நீர்த்துப்போகச் செய்த காலம் போய்விட்டது. இப்போது முதல் தேர்வு, கூறுகளாகப் பிரிக்காத முழு இரத்தம். எதிர்ப்புப் பொருள் குறைவாக உள்ள ஓ வகை வீரர்களை முன்கூட்டியே சோதித்துப் பட்டியல் வைத்திருந்து, தேவைப்படும் நேரத்தில் அவர்களிடமிருந்தே எடுத்து அடிபட்டவருக்கு ஏற்றுகிறார்கள். உறைந்த இரத்தம் கரையாமல் காக்கும் டிரானெக்சாமிக் அமிலம் காயம் பட்ட மூன்று மணி நேரத்துக்குள் போக வேண்டும். இரத்தம் ஏற்றத் தொடங்கினால் கால்சியமும் கொடுக்க வேண்டும். இதையெல்லாம் மனப்பாடம் செய்வதோடு நிறுத்தாதீர்கள். உங்கள் பட்டாலியன் மெடிக்குகளை வைத்து இருட்டில், குளிரில், கையுறையோடு இரத்தம் எடுத்து ஏற்றும் ஒத்திகை நடத்தத் தெரிய வேண்டும். திரும்பிப் போனதும் உங்களிடம் எதிர்பார்ப்பது அதைத்தான்.

2009ல் அப்போதைய பாதுகாப்புச் செயலர் ராபர்ட் கேட்ஸ், படுகாயமடைந்தவரை 60 நிமிடத்துக்குள் அறுவை சிகிச்சைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று ஆணையிட்டார். ஆப்கானிஸ்தானில் அது நடந்தது, ஏனென்றால் வானம் அமெரிக்கர்கள் கையில் இருந்தது. எதிரியிடமும் விமானமும் ஏவுகணையும் இருக்கும் போரில் ஹெலிகாப்டர் மணிக்கணக்கில், ஏன் நாள்கணக்கில்கூட வராமல் போகலாம். அப்போது பி.ஏ. ஒரே ஆளாக ஐ.சி.யூ. நடத்த வேண்டியிருக்கும். வலியை அடக்குவது, சிறுநீர் அளவைக் குறிப்பது, புரட்டிப் படுக்கவைப்பது, புண்ணைச் சுத்தம் செய்வது எல்லாம் அவர் பொறுப்பு. அதனால்தான் ஐ.சி.யூ. ரொட்டேஷனில் நர்ஸ்கள் செய்வதையும் கூடவே செய்துபாருங்கள் என்கிறேன். கவர்ச்சியான அறுவைக் காட்சிகளைவிட இந்தப் பணிவிடைகள்தான் இரண்டாம் நாளில் உயிரைக் காக்கும்.

ஒரே நேரத்தில் பலர் அடிபட்டு வரும்போது யாரை முதலில் பார்ப்பது என்று பிரிப்பதும் உங்கள் வேலை. உடனே, சற்றுப் பொறுத்து, லேசானது, பிழைக்க வாய்ப்பில்லை என்று நான்கு வகை. நான்காவது வகையில் ஒருவரை வைப்பதுபோல் கனமான முடிவு மருத்துவத்தில் வேறெதுவும் இல்லை. அதைப் பயிற்சியிலேயே வாய்விட்டுப் பேசுங்கள். அனுபவப்பட்ட அட்டெண்டிங்குகளிடம் அவர்கள் எப்படி முடிவெடுத்தார்கள், அப்புறம் எப்படித் தூங்கினார்கள் என்று கேளுங்கள். கேட்டால் சொல்வார்கள்.

ஏழாம் படி: முடித்தபின்

பயிற்சி முடிந்ததும் ராணுவ மருத்துவமனையின் அவசரப் பிரிவு, சிறப்புப் படைகள், பயிற்சிப் பள்ளி எனப் பல இடங்களுக்கு அனுப்புவார்கள். பி.ஏ.க்களுக்கான தேசியச் சான்றிதழ் அமைப்பு 2011 முதல் அவசர மருத்துவத்துக்கென்று கூடுதல் தகுதிச் சான்று ஒன்றை வழங்குகிறது. பாடம் சூடாக இருக்கும்போதே அந்தத் தேர்வை எழுதிவிடுங்கள். டாக்டர் பட்டம் கிடைத்தாலும் நோயாளியிடம் ‘நான் பி.ஏ.’ என்றே அறிமுகம் செய்துகொள்ளுங்கள். படுத்திருப்பவருக்குத் தன்னைப் பார்ப்பது யார் என்பதில் குழப்பம் இருக்கக் கூடாது.

அமைதிக் காலத்தில் திறமை வேகமாகத் துருப்பிடிக்கும். கமாண்டரின் அனுமதியோடு வெளி மருத்துவமனைகளில் ஷிஃப்ட் பாருங்கள். மயாமியில் ரைடர் விபத்துக் காய மையத்தில் ராணுவம் நடத்தும் பயிற்சிக்கு உங்கள் குழு போனால் நீங்களும் சேர்ந்துகொள்ளுங்கள்.

பயிற்சிக் காலத்தில் செய்த ஒவ்வொரு செயல்முறைக்கும் தேதி, இடம், மேற்பார்வை செய்தவர் கையெழுத்து உள்ள பதிவேட்டின் நகலை உங்கள் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனை மாறும்போதெல்லாம் எதை எதைச் செய்ய அனுமதிப்பது என்று ஒரு குழு முடிவு செய்யும். ஐந்து வருடம் கழித்து வேறொரு தளத்தில் அந்தக் குழு முன்னால் உட்காரும்போது, நெஞ்சுக்குள் டியூப் போட உங்களுக்குத் தெரியும் என்பதற்கு அந்தக் காகிதத்தைத்தான் கேட்பார்கள்.